அசலைத் தொடாமல் ஃபீஸ் கட்டும் கணக்கு: பள்ளி எண்டோமென்ட் எப்படி வேலை செய்கிறது?

பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம்: "நம்ம பேட்ச் சார்பா ஒரு ஸ்காலர்ஷிப் ஃபண்ட் ஆரம்பிக்கலாமா? ஆளுக்குப் பத்தாயிரம்." கூடவே ஒரு ஜிபே நம்பர். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பணம் இந்த வருஷமே ஒரு பிள்ளையின் ஃபீஸாகப் போகிறதா, இல்லை முதலீடாகி அதன் வருமானம் மட்டும் ஆண்டுதோறும் செலவாகப் போகிறதா என்று குரூப்பில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இரண்டாவது வகைதான் எண்டோமென்ட். தமிழில் நிலைநிதி.

பெயர் புதுசு, ஐடியா பழசு. சோழர் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் மட்டும் தொடர்ந்து வர வேண்டும். கல்விக்கும் இதே ஏற்பாடு இருந்தது. முதலாம் ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்விச்சாலைக்கு நிலம் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. அது வேதக் கல்விக்கானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணம் கொடுப்பவர்தான் யார் படிக்கலாம் என்பதையும் முடிவு செய்கிறார். இந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

ஒரு மாணவருக்கு எவ்வளவு?

அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமியை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,100 மாணவர்கள். நிலைநிதி சுமார் 150 கோடி டாலர். அங்கே இத்தகைய நிதிகளிலிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் வரை எடுப்பது வழக்கம். 4.5 சதவீதம் என்று வைத்தால் 6.75 கோடி டாலர், அதாவது தலைக்கு ஏறக்குறைய 61,000 டாலர். தங்கிப் படிக்க அங்கே ஆண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கு மேல். கிட்டத்தட்ட ஒவ்வொரு மாணவருக்கும் இன்னொரு ஃபீஸ், கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இது முழுக்க ஸ்காலர்ஷிப்புக்குப் போவதில்லை. ஆசிரியர் சம்பளம், கட்டட பராமரிப்பு, நூலகம் எல்லாம் இதில் அடக்கம். ஒரு மாணவருக்கு ஆகும் உண்மைச் செலவு கட்டணத்தைவிட அதிகம். அதனால் முழு ஃபீஸ் கட்டும் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையும் இந்த நிதியில் கொஞ்சம் சாப்பிடுகிறது. 'ஏழை மாணவர்களுக்காக' என்று போஸ்டர் அடிக்கும்போது இது விட்டுப்போகிற விவரம். அதே நேரம், 2021-ல் விண்ணப்பதாரரின் குடும்பத்தால் கட்டணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலே சேர்க்கை தரும் முடிவை எக்ஸிட்டர் எடுத்ததற்கும் இதே நிதிதான் தைரியம். தகுதியான பிள்ளையைப் பணத்துக்காகத் திருப்பி அனுப்பாமல் இருக்க, பள்ளியிடம் முதலில் பணம் இருக்க வேண்டும்.

இன்னொரு உச்சம் பென்சில்வேனியாவின் மில்டன் ஹெர்ஷி பள்ளி. ஆமாம், அதே சாக்லேட் ஹெர்ஷிதான். 1909-ல் தொடங்கிய பள்ளிக்கு, 1918-ல் அவர் தன் சொத்தின் பெரும்பகுதியை, முக்கியமாகக் கம்பெனிப் பங்குகளாக, எழுதிவைத்தார். இன்று 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் படிப்பு, சாப்பாடு, துணிமணி, மருத்துவம் எல்லாம் இலவசம். ஆனால் அசல் பத்திரத்தில் இருந்த நிபந்தனை: வெள்ளை இன, ஆதரவற்ற ஆண் பிள்ளைகள் மட்டும். அந்தக் கதவு மற்றவர்களுக்குத் திறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பெண் குழந்தைகள் 1970-களில்தான் உள்ளே வந்தார்கள். இறந்துபோனவரின் நிபந்தனையை உயிரோடு இருப்பவர்கள் மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம். 60 பேர், தலைக்கு 10,000, மொத்தம் 6 லட்சம். முதலீட்டில் 7 சதவீதம் கிடைக்கிறது என்று வைப்போம். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்றும் வைப்போம் (பெற்றோர்கள் சிரிப்பீர்கள், தெரியும்). நிதியின் மதிப்பு தேயாமல் இருக்க அந்த 4 சதவீதத்தைத் திருப்பி உள்ளேயே விட வேண்டும். செலவுக்கு மிஞ்சுவது 3 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 18,000 ரூபாய். யூனிஃபார்ம், புத்தகம் வாங்கலாம். ஃபீஸ் கட்ட முடியாது. ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய் உள்ள பள்ளியில் ஒரே ஒரு சீட்டை நிரந்தரமாகத் தாங்க 20 லட்சம் வேண்டும். 10 லட்சம் கட்டணம் வாங்கும் போர்டிங் பள்ளி என்றால், 3.3 கோடி.

மாற்று வழி ஒன்று உண்டு. 'என்றென்றைக்கும்' என்ற ஆசையை விட்டுவிட்டு, அதே 6 லட்சத்தை அசலோடு செலவழித்தால், இரண்டு பிள்ளைகளை 9-ம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கவைக்கலாம். 4 வருஷம், 2 பேர், 4.8 லட்சம். மீதியும் வட்டியும் கட்டண உயர்வுக்கு. சின்ன பேட்ச்களுக்கு இதுதான் சரி என்பது என் கருத்து.

ஏன் 9-ம் வகுப்பு? கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு 8-ம் வகுப்போடு முடிகிறது. அதே வகுப்பில், அதே பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்த பிள்ளை, 9-ம் வகுப்பில் முழு ஃபீஸ் கட்ட வேண்டும், இல்லை வேறு பள்ளி தேட வேண்டும். பள்ளி நன்கொடைகள் உண்மையில் அடைக்க வேண்டிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

பணம் அனுப்பும் முன்

அசல் அப்படியே இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், 'இது கார்பஸ் நிதிக்கு' என்று எழுத்தில் கொடுங்கள். அப்படிக் குறிப்பிடாத நன்கொடை அறக்கட்டளையின் சாதாரண வருமானம். வரிவிலக்கு வேண்டுமென்றால் அதில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். கார்பஸ் பணத்தையும் இஷ்டத்துக்கு முதலீடு செய்ய முடியாது. வங்கி டெபாசிட், அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் போன்றவைக்கு அனுமதி உண்டு. தனியார் கம்பெனிப் பங்கை நேரடியாக வாங்க, பொதுவாக இல்லை. ஹெர்ஷி மாடல் இங்கே எடுபடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'80ஜி இருக்கு, வரி மிச்சம்' என்று யாராவது சொன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர்கள் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. பள்ளியின் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

மாணவரை யார் தேர்வு செய்வார்கள், வருமான வரம்பு என்ன, ஃபீஸ் தவிர பஸ், டூர், லேப்டாப் செலவுக்கும் பணம் உண்டா, வருஷக் கணக்கு பேட்ச்சுக்கு வருமா? பள்ளி நிர்வாகத்திடம் இவற்றை மெயிலில் கேளுங்கள். பதிலும் மெயிலிலேயே வரட்டும்.