தாழ்ந்த குரல் வேண்டாம்!



எய்ட்ஸ் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொள்வது நம் வழக்கம். அந்தத் தாழ்ந்த குரலே பச்சிளங் குழந்தைகளுக்குப் பகை என்பது எங்கள் கருத்து.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். அன்று இதற்குத் தக்க மருந்து இல்லை. இன்று நிலைமை வேறு. கருவிலும், பிரசவத்தின்போதும், தாய்ப்பால் வழியாகவும் இக்கிருமி தாயிடமிருந்து சேய்க்குச் செல்லக்கூடும். சிகிச்சை இல்லையெனில் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். தாய் நாள்தோறும் கூட்டு மருந்து உண்டு, பிறந்த சேய்க்கும் மருந்து புகட்டினால், அந்த எண்ணிக்கை 5-க்கும் கீழே இறங்கிவிடும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் இலவசம். கூட்டு மருந்தும் இலவசம்.

பின் தடை எது? ஊர் வாய்தான்! வளைகாப்புக்கு வளையலும் ஐவகைச் சாதமும் மறவாமல் தேடுகிறோம். "முதல் மூன்று மாதத்திற்குள் இரத்தப் பரிசோதனை செய்தாயா?" என்று மட்டும் கேட்கக் கூசுகிறோம். கணவரும் உடன் சென்று பரிசோதித்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

நம் அண்டை மாவட்டத்துச் சாத்தூரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2018 டிசம்பரில், கருவுற்ற பெண் ஒருவருக்கு ஏற்றிய இரத்தத்தால் இக்கிருமி தொற்றியது தெரியவந்தது. உடனே சிகிச்சை தொடங்கியது. 2019 ஜனவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் அவருக்குக் குழந்தை பிறந்தது. பின்னர் நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. காலத்தில் அறிந்ததும் காலத்தில் கொடுத்த மருந்தும் செய்த நன்மை இது!

ஆனால், இரத்தத்தால் வந்தால் இரக்கம், வேறு வழியில் வந்தால் ஏச்சு என்பது நீதியா? எப்படி வந்தது என்று கேட்க நாம் யார்? தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு, முதலில் அவரை விசாரணை செய்யவில்லையே!

சட்டமும் துணை நிற்கிறது. 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, முடிவை வெளியிடவோ கூடாது. தொற்று உள்ள குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுக்கவும் கூடாது.

தோழியரே! நாளை நம்மில் பலர் தாயாவோம்; சிலர் செவிலியராவோம். இன்றே நம் அக்காமாரிடமும் அண்ணிமாரிடமும் இதைத் தெளிந்த குரலில் பேசுவோம். அவ்வீட்டுக் குழந்தை நம் பக்கத்தில் அமர வந்தால், விலகாமல் இடம் கொடுப்போம். தாயும் சேயும் நலமாய் வாழ நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு இதுவே.