வாசற்படியின் உயரத்தை அளந்து கட்டணம் வையுங்கள்

குருக்கள்மடத்தில் மட்டக்களப்பு–கல்முனை வீதியிலிருந்து மேற்கே மட்டக்களப்பு வாவிப் பக்கம் போகப் போக நிலம் தாழ்கிறது. கண்ணுக்கு எல்லாம் சமதரைதான். மட்டம் பார்க்கும் கருவிக்கு மட்டுமே அந்தச் சரிவு தெரியும். நில அளவைக் களவேலையில் வயதைக் கழித்த எனக்கு அந்தச் சில அடிகளின் பெறுமதி தெரியும். 2011 ஜனவரி வெள்ளம் எங்கள் வளவில் படிக்கட்டோடு நின்றது. வாவியோரத்தில் இருக்கும் என் மச்சாளின் வீட்டிலோ கட்டிலே மூழ்கியது. இரண்டும் ஒரே கிராம சேவகர் பிரிவு.

வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதி எடுக்கப் போனபோது சுவர் கல்லா, கூரை ஓடா, ஊர் எது என்று கேட்டார்கள். தரைமட்டம் எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்கவில்லை. கட்டணத்தைத் தீர்மானிக்க வேண்டிய முதற்கேள்வியே அதுதான். ஒரு வீட்டில் பத்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் புகுந்து மூன்று இலட்சம் ரூபாய் சேதம் செய்யும் என்று வைத்துக்கொள்வோம். வருடச் சராசரி இழப்பு 30,000 ரூபாய். அத்திவாரத்தை உயர்த்தி அதே சேதத்தை ஐம்பது வருடத்துக்கு ஒருமுறையாகக் குறைத்தால், இழப்பு 6,000 ரூபாய்தான். உயர்த்திக் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே கட்டணம் என்றால், யார்தான் உயர்த்திக் கட்டுவார்?

மழைமானியை மட்டும் நம்பியும் எங்கள் ஆபத்தைக் கணிக்க முடியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெய்யும் மழையும், உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்தால் வரும் நீரும் வாவியில்தான் சேர்கின்றன. அந்த நீர் கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். அதை வெட்டித் திறக்கப் பிந்தினால் அதே மழை வீட்டுக்குள் வரும். ஆகவே முகத்துவாரம் வெட்டிய நாள்களும் கதவு திறந்த நேரங்களும் ஆபத்துக் கணிப்பில் சேர வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் 2021 அக்டோபரில் வலய வரைபடத்தை மட்டும் நம்பும் முறையைக் கைவிட்டது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்நிலை எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட என்ன செலவு என்று பார்க்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டணம் வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற எல்லையும் உண்டு.

உண்மையான ஆபத்துக்கு ஏற்பக் கட்டணம் வைத்தால் வாவியோரத்து மீனவக் குடும்பம் எப்படிக் கட்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016 ஏப்ரலில் இலங்கையில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அரசாங்கமே கட்டணம் செலுத்தி, வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு தந்தது. அந்த வழி நமக்குத் தெரிந்ததே. ஏழைக்கு உதவித்தொகை கொடுங்கள். ஆனால் ஆபத்தின் அளவைக் குறைத்துக் காட்டாதீர்கள். முழுக் கட்டணம் இவ்வளவு, அரசாங்கம் ஏற்றது இவ்வளவு என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். தன் வீடு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்கும் தெரியவேண்டும்.

பிரதேச செயலகம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2011 வெள்ளம் எதுவரை ஏறியது என்று காட்டக்கூடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அடுத்த மாரிக்கு முன் அவர்களை அழைத்துச் சென்று அந்த மட்டங்களைக் குறித்து, கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். காப்புறுதி நிறுவனங்கள் அந்தக் கணக்கில் கட்டணம் வைக்கட்டும். அத்திவாரத்தை உயர்த்தியவருக்குக் குறைக்கட்டும்.