அல்-உலாவில் கண்ணீர், கூரகலயில் மௌனம்

உம்றாவுக்குப் போய்வரும் நம்மவர்களின் பயணப் பட்டியலில் அண்மைக் காலமாக ஒரு புதிய பெயர் சேர்ந்திருக்கிறது: அல்-உலா. மதீனாவுக்கு வடக்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் வருகின்ற சிறிய பாலைவன நகரம் அது. பேரீச்சந் தோட்டங்கள், இருமருங்கிலும் செம்மணற்கல் மலைகள், காற்றும் வெள்ளமும் அறுத்துவிட்ட ஆழமான கணவாய்கள். அதிலிருந்து இருபது கிலோமீற்றர் அளவில் அல்-ஹிஜ்ர் இருக்கிறது. நம் மக்கள் அதனை மதாயின் ஸாலிஹ் என்பார்கள். 2019 செப்டெம்பரில் சவூதி அரசு சுற்றுலா விசாவைத் திறந்துவிட்டதன் பின்னர் மாவனல்லையிலிருந்தும் ஆட்கள் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். நானும் போனேன்.

எங்கள் வேனில் இருந்த பதினொரு பேரில் நான்கு பேர் இறங்கவே இல்லை. “ஸேர், இது அதாப் எறங்கின எடம். பாக்க வாணாம், போட்டோ எடுக்கவும் வாணாம்” என்றார் கூட வந்த மௌலவி. இன்னும் இரண்டு பேர் இறங்கிய வேகத்தில் போனைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு தரப்பு கண்ணை மூடிக்கொண்டது. மறு தரப்பு தன் முகத்தை மட்டுமே பார்த்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நம் சமூகத்தில் மூன்றாவது வழி ஒன்று இல்லையா என்பதுதான் என் கேள்வி.

மௌலவி சொன்னதற்கு ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. ஹிஜ்ரி 9இல் தபூக் செல்லும் வழியில் நபி (ஸல்) அவர்கள் அல்-ஹிஜ்ரைக் கடந்தார்கள். தமக்குத் தாமே அநியாயம் செய்துகொண்டவர்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவன்றி நுழையாதீர்கள் என்ற கருத்தில் தோழர்களை எச்சரித்தார்கள். அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். ஆனால் அதே செய்தியில் இன்னொன்றும் இருக்கிறது. ஸாலிஹ் நபியின் பெண் ஒட்டகம் நீரருந்திய கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதாவது இந்தக் கிணறு வேறு, அந்தக் கிணறு வேறு என்று அந்த இடம் கவனமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. ஒரு படையே உடன் இருந்தும் ஒரு தூணையேனும் இடித்துத் தள்ளும்படி கட்டளை வரவில்லை. அழுதுகொண்டு நுழை என்பதற்கு, கண்ணைத் திறந்துகொண்டு நுழை என்பதும் பொருள்தானே? பார்க்காதவன் எதைக்கொண்டு அழுவான்?

1326இல் திமிஷ்கிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன இப்னு பதூதா இதே வழியாகத்தான் போனார். அவருடைய கூட்டமும் அங்கே தண்ணீர் எடுக்காமல் விரைந்து கடந்தது. ஆனாலும் சிவந்த பாறைகளில் குடையப்பட்ட வாசல்களையும், அவற்றின் செதுக்கு வேலைகளையும், உள்ளே கிடந்த எலும்புகளையும் கண்டு எழுதிவைத்தார். அடுத்து வந்த அல்-உலா மக்களின் நாணயத்தையும், ஹாஜிகள் மிச்சப் பொருள்களை அவர்களை நம்பி விட்டுச் சென்றதையும் எழுதினார். அவரைவிட நமக்கு ஈமான் கூடிவிட்டதா?

அந்த எலும்புகளின் கதை இப்போது இன்னும் தெளிவாகியிருக்கிறது. நாம் வீடுகள் என்று நினைத்திருந்தவை கல்லறைகள். கி.பி. முதலாம் நூற்றாண்டை ஒட்டி நபாத்தியர் குடைந்தவை. 111 பெருங் கல்லறைகளில் 94இல் அலங்கார முகப்பு உண்டு. பல வாசல்களின் மேலே உரிமையாளரின் பெயரும் சில இடங்களில் கொத்தனின் பெயரும் இருக்கின்றன. இதை விற்பவன்மீதும் அந்நியரை அடக்குபவன்மீதும் சாபமும் அபராதமும் எழுதப்பட்டுள்ளன. பெண்கள் தங்கள் பெயரில் செய்வித்த கல்லறைகளும் உண்டு. தனித்து நிற்கும் கஸ்ருல் ஃபரீத் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டு, கால்பகுதி முடியாமலே நின்றுபோனது. ஸமூத் என்ற பெயரோ இவற்றுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், கி.மு. 715இல், அசீரிய மன்னன் சார்கோனின் கல்வெட்டிலேயே வந்துவிடுகிறது. ஆக, நம் முன்னே நிற்கும் இந்த முகப்புகள் அக்கூட்டத்தார் செதுக்கியவை அல்ல. இதனைச் சொல்வதால் குர்ஆனின் எச்சரிக்கை குறைந்துவிடாது. ஒரு மண்ணில் ஒரே ஒரு கூட்டம் மட்டும் வாழ்ந்து போவதில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

பாடம் சவூதி அரசுக்கும் தேவை. 2002இல் மக்காவில் உஸ்மானியர் கட்டிய அஜ்யாத் கோட்டையை மலையோடு சேர்த்து அகற்றி, அவ்விடத்தில் மணிக்கூண்டுக் கோபுரத்தை எழுப்பியவர்கள் அவர்கள். 1920களில் ஜன்னத்துல் பகீயின் குப்பாக்களைத் தரைமட்டமாக்கியதும் அதே ஆட்சிதான். இன்று அல்-உலாவுக்கென 2017இல் ஓர் அரச ஆணைக்குழுவை அமைத்து, நபாத்தியரின் கல்லறைகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். முஸ்லிம்கள் கட்டியது இடிபடலாம், நபாத்தியர் செதுக்கியது காசாகலாம். இது என்ன கணக்கு?

ஆனால் என் வழக்கு சவூதியோடு அல்ல, நம்மோடு. நம் சப்ரகமுவ மாகாணத்திலேயே, பலாங்கொடைக்கு அப்பால், கூரகல மலைக்குன்றில் தப்தர் ஜெய்லானி இருக்கிறது. அங்கே வரலாற்றுக்கு முற்பட்ட மனிதனின் எலும்புகள் கிடைத்தன. பௌத்த துறவிகளுக்குக் குகை அளித்ததைச் சொல்லும் பிராமிக் கல்வெட்டு உண்டு. முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் தங்கிய இடமென்று நம் முன்னோர் நம்பி வந்த குகையும் பள்ளிவாசலும் உண்டு. எம்.எல்.எம். அபூசாலி அவர்கள் அதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். 2013இல் பொதுபல சேனாவின் கூச்சலை அடுத்து, தொல்பொருள் பாதுகாப்பு என்ற பெயரில் அங்கிருந்த நம் கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. இன்று அங்கே ஒரு புதிய தாதுகோபுரம் எழுந்து நிற்கிறது. பழைமையைக் காப்பது நோக்கமென்றால் புதிய கோபுரம் எதற்கு என்று கேட்க வேண்டியவர்கள் யார்?

கேட்டிருக்க வேண்டியவர்களில் பாதிப்பேர் வாய் திறக்கவில்லை. ஸியாரமும் கந்தூரியும் பித்அத், போனால் போகட்டும் என்று உள்ளூர ஆறுதல் அடைந்தவர்களை நான் அறிவேன். அங்கே பாத்திஹா ஓதுவது கூடுமா கூடாதா என்பது நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். ஆனால் ஒரு சமூகம் ஒரு மலையில் இருந்தது என்பதற்கான சாட்சி அழிக்கப்படும்போது, அந்தச் சாட்சியின் அகீதா சரியா என்று விசாரித்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த மனநிலையின் மறுபக்கத்தையும் மாவனல்லைக்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. 2001 மே மாதத்தில் நம் கடைகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 2018 டிசம்பரில் இதே ஊர்ப்பக்கம் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. கைதானவர்கள் நம் பிள்ளைகள். நம் முன்னோரின் அடக்கத்தலமே வழிகேடு என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, அடுத்தவனின் சிலை கல்லாகத்தானே தெரியும்?

அல்-உலாவைக் கடந்த இப்னு பதூதா 1344இல் நம் தீவுக்கு வந்து, பாவாதமலைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாகக் கொண்டு ஏறினார். அவருடைய ஈமானுக்கு ஒன்றும் நேரவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். கூரகலயில் பிராமிக் கல்வெட்டும் நிற்கட்டும், குகைப் பள்ளியும் நிற்கட்டும் என்று தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்போம். அப்படிக் கேட்கும் தகுதி வேண்டுமென்றால், நம் ஊர்களில் எஞ்சியிருக்கும் பழைய மீஸான் கற்களையும் அறபுத்தமிழ் ஏடுகளையும் முதலில் நாமே பேணுவோம். அல்-ஹிஜ்ரில் இறங்கி அழ விரும்புகிறவர்கள் தாராளமாக அழட்டும். பலாங்கொடைக்கு விசா தேவையில்லை.