சாந்தினி சவுக்கைச் சிதைத்தது காலமா?

டில்லியின் சாந்தினி சவுக்கைக் கண்டு திரும்புவோர் அதன் நெரிசலையும் சிதைவையும் சொல்லி, “எல்லாம் காலத்தின் கோலம்” எனப் பெருமூச்செறிகின்றனர். இக்கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

செங்கோட்டையிலிருந்து ஃபத்தேபூரிப் பள்ளிவாசல் வரை நீளும் அவ்வீதியை 1650ஆம் ஆண்டையொட்டி அமைத்தவர், பேரரசர் ஷாஜஹானின் மகளார் ஜஹனாரா பேகம். பள்ளிவாசலைக் கட்டியவரோ பேரரசரின் மனைவியருள் ஒருவர். வீதியின் நடுவே கால்வாய் ஓடிற்று; நிலவொளி தவழும் தடாகம் இருந்தது; அதனருகே வழிப்போக்கர் தங்கப் பேகம் எழுப்பிய சத்திரமும் இருந்தது. 1739இல் நாதிர் ஷாவின் படையினர் குருதி பெருக்கிய பின்னரும் வீதி மீண்டெழுந்தது.

1857க்குப் பின் நடந்ததென்ன? ஆங்கில ஆட்சி சத்திரத்தை இடித்து அவ்விடத்தில் நகர மண்டபம் கட்டிற்று. தடாகம் இருந்த இடத்தில் மணிக்கூண்டை நிறுத்திற்று. பள்ளிவாசலையே வணிகர் ஒருவருக்கு விற்றது. 1877இல்தான் அது முஸ்லிம்களிடம் மீண்டது. இவை காலத்தின் செயல்களா? ஆட்சியாளர் ஆணையிட்டுச் செய்தவை அன்றோ!

2021இல் வீதி செப்பனிடப்பட்டு, பகலில் மோட்டார் வாகனங்கள் தடுக்கப்பட்டன. நன்று, வரவேற்கிறோம். ஆயினும் புதிய கல் பாவியதால் மட்டும் பழைய வரலாறு மீண்டுவிடாது. தாஜ்மஹாலில் துயிலும் தாயை அறிந்த நம் இல்லங்கள், தலைநகரின் நடுவீதியை வகுத்த மகளை அறியாதிருப்பது முறையாகுமா? இனியேனும் கட்டியவர் யார், இடித்தவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்குத் தெளிவாக எடுத்துரைப்போமாக!