அறக்கொடை வேர்கொள்ளும் இடம்

ஈகை எம்மவர்க்குப் புதிதன்று. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, அரசாங்க நன்கொடையை எதிர்பார்த்து அப்பணியைத் தொடங்கினாரல்லர். ஊரார் உதவியே ஊன்றுகோலாயிற்று. அதன்பின் எழுந்த இந்துக் கல்லூரிகள் பலவும் அவ்வழி வந்தவையே. பிறர் கொடையாற் பயன்பெற்ற நாம், கொடுக்கும் முறைபற்றிச் சில கூறுதல் தகும்.

நுவரெலியா மாவட்டத்து உடப்புசல்லாவை ஒரு சிறு நகரம். ஆயினும், இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களுள் ஒன்று அதன் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படுகின்றது. அப்பெயருக்குக் காரணமான கொழுந்தைப் பறிக்கும் மக்களிற் பலர் இன்னும் லயன் காம்பராக்களிலேயே வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களை நாடி அறக்கட்டளைகளின் கொடையும் அயல்நாட்டு உதவியும் வருதல் மகிழ்ச்சிக்குரியது. வந்த பொருள் எங்கே வேர்கொள்ளுகின்றது என்பதே கேள்வி.

1947ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஆதரவில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் நிறுவப்பட்டது. தொழிலாளரின் பிள்ளைகள் உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பயில அது உபகாரச் சம்பளம் வழங்கி வந்துள்ளது. மறு ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அக்குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரு கை புத்தகத்தை நீட்டியது. மறு கை குடியுரிமையைப் பறித்தது. உரிமை இருக்கவேண்டிய இடத்தை ஈகையால் நிரப்ப இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஆயினும், படித்தவன் பெற்ற கல்வியை எச்சட்டமும் பறிக்கவில்லை.

வீட்டு விடயமும் இத்தகையதே. இந்தியக் கொடையால் மலைநாட்டில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டிலே மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீட்டோடு காணி உறுதியும் கைக்கு வரின் அது குடும்பத்தின் சொத்து. உறுதி இல்லையேல், புதிய கூரையின் கீழும் பழைய அச்சமே குடியிருக்கும்.

கொடுப்போர் கண்ணாற் காணத்தக்க கட்டடத்தை விரும்புதல் இயல்பு. கணக்குக் காட்டவும் அது எளிது, பெயர்க்கல்லும் பதிக்கலாம். ஆனால், ஆசிரியர் இல்லாத ஆய்வுகூடம் பூட்டிய அறையன்றி வேறென்ன? உயர்தரத்தில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் அம்மாவட்டத்தில் மிகச் சிலவே. அவ்வகுப்பை எட்டுமுன்னரே பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளையை உயர்தர உபகாரச் சம்பளம் ஒருநாளும் சென்றடையாது.

ஆதலின் மூன்று செய்திகளை வற்புறுத்துவோம். முதலாவது, பிள்ளைகள் இடைவிலகும் வயதிலேயே உதவி தொடங்கவேண்டும். பஸ் கட்டணமும் அப்பியாசக் கொப்பியும் சிறு பொருள்களல்ல. இரண்டாவது, கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர் ஐந்தாண்டேனும் அங்கே தங்குதற்கான வேதனமும் இருப்பிடமும் கொடையிற் சேரவேண்டும். மூன்றாவது, நிதியைப் பகிரும் சபையில் தோட்டத்துத் தாய்மாரும் ஆசிரியரும் அமரவேண்டும். வரவு செலவு தமிழில் எழுதப்பட்டுப் பாடசாலை அறிவித்தற் பலகையில் நிற்கவேண்டும். தமக்கென வந்த பணத்தின் கணக்கைக் கேட்கப் பழகிய மக்கள், பிற உரிமைகளையும் கேட்கத் தயங்கார்.

பழைய மாணவ அன்பர்களே, விழாக்கள் எடுப்பதில் நாம் குறைவைப்பதில்லை. விழாச் செலவிற் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கி, உடப்புசல்லாவைப் பாடசாலை ஒன்றிற்கு ஓர் ஆசிரியரை நிலைநிறுத்தலாகாதா? கட்டடத்தில் நம் கல்லூரியின் பெயர் இராது. அங்கே ஒரு வகுப்பு இடையறாது நடக்கும், அது போதும்.