ஈரத் துணிக்கும் கணக்கு உண்டு

பிள்ளையின் எடை கூடினால் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நம் தலைமுறை நினைத்துக்கொண்டிருக்கிறது. அது எப்போதும் சரியல்ல என்பதை, என் பேத்தி பிறந்த நான்காம் நாள் காலையில் தெரிந்துகொண்டேன். ஆறு வருடங்களுக்கு முந்தைய கதை. அதை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற வாரம் நண்பர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய பேரன் பச்சிளம் குழந்தைகள் வார்டில் இருக்கிறான். "அங்கே சிஸ்டர்கள் பிள்ளையைப் பார்ப்பதைவிட நோட்டில் எழுதுவதுதான் அதிகம்" என்று குறைபட்டுக்கொண்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 32-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளையின் எடை 1,420 கிராம். நேராக வார்மருக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். கையில் டிரிப்ஸ், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். மூன்றாம் நாள் எடை 1,350-க்கு இறங்கியது. என் மனைவி அழுதாள். நான்காம் நாள் காலை 1,410 என்றார்கள். "ஏங்க, ஒரே ராத்திரியில அறுபது கிராம் ஏறியிருக்கா!" என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மாவின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. பிள்ளையின் கண் இமை வீங்கியிருந்தது, மூச்சும் வேகமாகியிருந்தது. நான் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன் என்று மகள் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அட்டையோடு வெளியே வந்து என்னிடம் காட்டினார். ஐ.ஓ. சார்ட் என்பார்கள். ஒரு பக்கம் உள்ளே போவது, மறு பக்கம் வெளியே வருவது. நம் ரொக்கப் புத்தகம்தான், வேறொன்றுமில்லை.

"ஐயா, நேத்து குழாய் வழியா பால் ஆரம்பிச்சோம். அந்த அளவை டிரிப்ஸிலிருந்து கழிக்கலை. மருந்தோட போன தண்ணியையும் யாரும் கூட்டலை. உள்ளே கூடுதலா போயிருக்கு" என்றார். வரவுப் பக்கத்தில் டிரிப்ஸ் மட்டும் மணிக்கு மணி எழுதியிருந்தது. பால் வேறொரு தாளில் இருந்தது. செலவுப் பக்கத்தில் சிறுநீருக்கு எதிரே வெறும் டிக் அடையாளங்கள். போயிற்று என்று தெரிகிறது, எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை.

அந்தக் கூடுதல் எவ்வளவு இருக்கும்? நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 மில்லி. நமக்கு அது ஒரு வாய்த் தண்ணீர். ஆனால் அந்த நான்காம் நாளில் அவளுக்கு உரிய மொத்த அளவே சுமார் 178 மில்லிதான். எடை குறைந்த பிள்ளைக்கு முதல் நாள் கிலோவுக்கு 80 மில்லி, பிறகு தினமும் 15 மில்லி கூட்டி, நான்காம் நாள் 125 என்பது அங்கே பின்பற்றிய கணக்கு. அதை 1.42-ஆல் பெருக்கிப் பாருங்கள், புரியும்.

பிறந்த குழந்தையின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர்தான். குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் அதிகம். முதல் வாரத்தில் அந்த உபரித் தண்ணீர் வெளியேறி எடை இறங்குவது இயல்பு. நிறைமாதப் பிள்ளைக்குப் பத்து சதவீதம் வரையும், குறைமாதப் பிள்ளைக்கு அதைவிடச் சற்று அதிகமாகவும் இறங்கலாம். நன்றாகப் பால் ஏற்று வளரும் குறைமாதப் பிள்ளைகூட, பின்னால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் அளவில்தான் கூடும். ஒரே ராத்திரியில் 60 கிராம் ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். அது நுரையீரலில் தங்கி மூச்சைக் கெடுக்கலாம், இதயத்தின் அருகே மூட வேண்டிய ரத்தக்குழாயை மூடவிடாமல் செய்யலாம். தண்ணீர் குறைந்தாலும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு ஏறும், சிறுநீரகம் களைத்துவிடும்.

டிரிப்ஸைக் குறைத்தார்கள். பக்கத்திலேயே ஒரு சின்னத் தராசு வந்தது. உலர்ந்த துணி 28 கிராம், நனைந்தபின் 39 கிராம் என்றால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று 11 மில்லி எழுத வேண்டும். கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் போகவேண்டும் என்றார்கள். துணியை உடனே நிறுக்க வேண்டும். வார்மர் சூட்டில் கிடந்தால் ஈரம் காய்ந்து கணக்குக் குறைந்துவிடும். இரண்டு நாளில் இமை வீக்கம் வடிந்தது, மூச்சும் சீரானது. எடை மறுபடி இறங்கியபோது என் மனைவி இந்த முறை அழவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். அந்த எழுத்து வேலை வைத்தியத்துக்குப் பின்னால் நடக்கும் குமாஸ்தா வேலை அல்ல. அதுவே வைத்தியம். அடுத்த நாள் எவ்வளவு டிரிப்ஸ் என்பதை டாக்டர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அட்டை பொய் சொன்னால் டாக்டரின் கை தவறும்.

"பாட்டிமார்கள் உச்சிக்குழி பள்ளமாக இருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார்களே" என்றார் அவர். உண்மை. டாக்டர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் உச்சிக்குழி பள்ளமாவதற்குள் நிறையத் தண்ணீர் போய்விட்டிருக்கும். ஒன்றரைக் கிலோப் பிள்ளை தாகம் என்று அழவும் செய்யாது.

கணக்கு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் ஈரத்துக்கு வவுச்சர் கிடையாது. வார்மரும் மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கும் அதை இன்னும் கூட்டும். அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்க்கிறார்கள். ரத்தத்தில் உப்பின் அளவும் பார்க்கிறார்கள். புத்தக இருப்பையும் பெட்டியிலுள்ள ரொக்கத்தையும் ஒப்பிடுவது போல. இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே தேட வேண்டும்.

நான் படித்த பிரெஞ்சில் இன்குபேட்டருக்கு 'கூவேஸ்' என்று பெயர். அடைகாக்கும் கோழியையும் அப்படித்தான் சொல்வார்கள். 1880-களில் பாரிசில் தார்னியே என்ற மருத்துவர் கோழிக்குஞ்சுப் பெட்டியைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குச் செய்வித்தார். அவருடைய சீடர் பியேர் புதேன், 1892-ல் ஷரித்தே மருத்துவமனையில், பிரசவமாகி வீடு சென்ற தாய்மார்களைப் பிள்ளைகளோடு திரும்ப வரச்சொல்லித் தவறாமல் எடை பார்த்து எழுதிவைத்தார். தராசும் நோட்டும் அப்போதே பெட்டிக்குத் துணையாக வந்துவிட்டன.

இனி என் குறை. அன்றிரவு அந்த வார்டில் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே சிஸ்டர். மூன்று மணிக்கு ஒருமுறை துணி மாற்றினால் பன்னிரண்டு மணி நேரத்தில் 48 நிறுவைகள். மணிக்கு மணி பம்ப் அளவு எழுதினால் 144 பதிவுகள். நடுவில் பால், மருந்து, மூச்சு மறக்கும் பிள்ளையைத் தட்டி எழுப்புவது. டிக் போடாமல் அந்தப் பெண் என்ன செய்வாள்? விடியற்காலையில் ஞாபகத்திலிருந்து நிரப்பிய கணக்கு எப்படி இருக்கும் என்று அலுவலகத்தில் இருந்த நமக்குத் தெரியாதா? கட்டடமும் இயந்திரமும் வாங்கும்போது திறப்பு விழா நடக்கிறது. தராசில் நின்று எழுத இன்னொரு சிஸ்டரைப் போட்டால் எந்த விழாவும் இல்லை. அதனால்தான் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அதை நிரப்பச் சொல்லிக் கேட்பதே என் பார்வையில் முதல் கோரிக்கை.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. என் மகள் உள்ளே போய்த் துணி மாற்ற உதவினாள். ஈரத் துணியைச் சுருட்டி வாளியில் போட்டாள். அது கணக்கில் சேர வேண்டியது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த வார்டில் இருந்தால், சிஸ்டரைக் கேட்காமல் ஈரத் துணியை எறியாதீர்கள். ஆசையாக ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காதீர்கள். எடை ஏறியதா என்று மட்டும் கேட்காமல், "சிறுநீர் எத்தனை மில்லி போச்சு, சிஸ்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் எழுதிக்கொண்டிருந்தால், எழுதி முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள்.