இந்த வார வார்த்தை: பெர்மனென்ட்

காலை ஷிஃப்ட் நேரத்தில் பொன்னேரி ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறியிருக்கிறீர்களா? கழுத்தில் கம்பெனி டேக், கையில் டிபன் பாக்ஸ் என்று நம்ம சீனியர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். கவரப்பேட்டை வருவதற்குள் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும்.

"இன்னாப்பா, பெர்மனென்ட் ஆயிட்டியா?"

"எங்கண்ணே... ரெண்டு வருஷமா இதோ அதோங்கிறாங்க!"

பெர்மனென்ட் என்றால் நிரந்தரம். இது தெரியாதா என்கிறீர்களா? இருங்கள், தெரிந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும்.

லத்தீனில் 'மனேரே' என்றால் தங்குவது. 'பெர்' என்றால் முழுக்க. முழுக்கத் தங்குவது பெர்மனென்ட். இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் எது தெரியுமா? மேன்ஷன்! திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூம் எடுத்த எந்த பேச்சலரும் அங்கேயே முழுக்கத் தங்கிவிட நினைத்திருக்க மாட்டார். போகட்டும்.

ஆறு வயசு வாக்கில் முளைக்க ஆரம்பிக்கும் பல்லுக்குப் பேர் பெர்மனென்ட் டீத். அதில் எத்தனை பாக்கி இருக்கிறது என்று உங்க தாத்தாவைக் கேளுங்கள். பெர்மனென்ட் மார்க்கரில் போட்ட கோடு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் காலி. ஆக, பெர்மனென்ட் என்றால் 'அழியவே அழியாது' என்று அர்த்தம் இல்லை. 'இன்ன தேதியோடு முடியும் என்று குறிக்கப்படவில்லை' என்பதுதான் அர்த்தம்.

இப்போ இதன் ஒன்றுவிட்ட தம்பியைப் பார்ப்போம். ஃபிக்ஸட். அவனும் 'மாறாதது'தான். ஆனால் பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டால் என்ன ஆகும்? வட்டி மாறாது, சரி. கூடவே மெச்சூரிட்டி தேதியும் மாறாது. அதாவது, முடிவையே முதலில் எழுதிவிடுகிறார்கள்!

'ஃபிக்ஸட் டேர்ம்' வேலையும் அப்படித்தான். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து கையில் ஆர்டர் வந்ததும், 'ஃபிக்ஸட்' என்ற வார்த்தையைப் பார்த்து 'அப்பாடா, வேலை ஃபிக்ஸ் ஆயிடுச்சு' என்று வீட்டுக்கு போன் போடாதீர்கள். ஃபிக்ஸ் ஆனது வேலை இல்லை, அது முடிகிற தேதி. அதுக்காக அது மோசமான வேலை என்று சொல்லவில்லை. 2020ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஃபிக்ஸட் டேர்ம் ஆளுக்கு, அதே வேலை செய்யும் பெர்மனென்ட் ஆளைவிடச் சம்பளமும் சலுகையும் குறையக் கூடாது என்கிறது. ஒரு வருஷம் முடித்தால் கிராஜுவிட்டியும் உண்டு. ஆனால் தேதி வந்தால் கிளம்ப வேண்டியதுதான். தெரிந்து சேர்வது வேறு, தெரியாமல் சேர்வது வேறு.

நம்ம தமிழ்நாட்டில் இந்த 'பெர்மனென்ட்' என்ற வார்த்தைக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், தெரியுமா? 1981ல் வந்த, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ச்சியாகப் பணி செய்தவரை பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்றது அது. சராசரியாக மாசத்துக்கு 20 நாள். லோக்கல் ட்ரெயினில் 'ரெண்டு வருஷம்' என்ற பேச்சு அடிக்கடி அடிபடுவது சும்மா இல்லை, பாஸ்! அதனால்தான் சம்பள ரசீது, அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்பது. நாள் கணக்கு பேச வேண்டி வந்தால், பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

சரி, கொஞ்சம் கிராமர். 'ஐ காட் பெர்மனென்ட்' என்று நாம் சொல்வது தப்பு. 'ஐ வாஸ் மேட் பெர்மனென்ட்' என்பதுதான் சரி. உற்றுப் பாருங்கள். நாமாக 'ஆக' முடியாது, இன்னொருத்தர் 'ஆக்க' வேண்டும். கிராமருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது!

எனவே ஃபைனல் இயர் நண்பர்களே, ஆர்டர் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பார்க்கும் முன்னால் மூணு விஷயம் பாருங்கள். எழுதியிருப்பது எந்த வார்த்தை? முடியும் தேதி இருக்கிறதா? கீழே கையெழுத்து கம்பெனியுடையதா, கான்ட்ராக்டருடையதா? புரியவில்லை என்றால் ஹெச்.ஆரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் வேலை போயிடுமோ என்ற பயமா? சேரும் முன் கேட்பது சுலபம். ரெண்டு வருஷம் கழித்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் கஷ்டம்.